சுரூபமும் மேலெழுத்தும்: ரோமானிய வெள்ளிக்காசைப் படிப்பது எப்படி?

கொங்குப் பக்கம் எங்காவது மண்ணுக்கடியில் ரோமானியக் காசு கிடைத்ததாகச் செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு படமும் வரும். ஒரு விரல்நகம் அளவுக்கு வெள்ளி, அதில் மாலை சூடிய ஒரு தலை, சுற்றிலும் இடைவெளியே இல்லாமல் நெருக்கியடித்த எழுத்துகள், மறுபக்கம் நாற்காலியில் ஒரு பெண். அது யார் தலை, அந்தப் பெண் ராணியா சாமியா, ஏசுநாதர் வாங்கிப் பார்த்த காசு இதுதானா, பேரரசர் திபேரியஸ் பெயர் இருந்தால் அவர் காலத்தில் புதைத்ததுதானே என்று வரிசையாகக் கேள்விகள் எழும். ஒவ்வொன்றுக்கும் பதில் உண்டு, ஆனால் நினைப்பது போல நேரான பதில் அல்ல.

ரோமுக்கு வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் ஏசுநாதர் ஒரு காசை வாங்கிப் பார்த்துக் கேட்கும் கேள்வி தமிழ் பைபிளில் இப்படி வரும்: இந்தச் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது? சுரூபம் என்றால் முகம், மேலெழுத்து என்றால் சுற்றியிருக்கும் வாசகம். இரண்டும் அருமையான சொற்கள், இந்தக் கட்டுரைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும்: உள்ளே இருக்கும் வெள்ளி. முகம் ஒன்று சொல்லும், எழுத்து ஒன்று சொல்லும், வெள்ளி வேறொன்று சொல்லும். மூன்றும் ஒத்துப்போன காலமும் உண்டு, ஒத்துப்போகாத காலம்தான் அதிகம்.

டெனாரியஸ் என்றால் என்ன

கார்த்தேஜின் தளபதி ஹானிபாலோடு ரோம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், கி.மு. 211 வாக்கில், போர்ச்செலவு கழுத்தை நெரித்ததால் ரோம் தன் பணமுறையையே மாற்றிப் புதிதாக ஒரு வெள்ளிக்காசை அடித்தது. அதுதான் டெனாரியஸ். 'பத்து' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர், அதாவது 'அஸ்' என்ற வெண்கலக் காசு பத்துக்குச் சமம். முதல் காசுகளில் தலைக்கவசம் போட்ட ரோமா தேவியின் தலைக்குப் பின்னால், பெருக்கல் குறி மாதிரி இருக்கும் பத்தின் குறியீட்டையே பொறித்திருந்தார்கள். கி.மு. 140 வாக்கில் மதிப்பை 16 அஸ் ஆக்கிவிட்டார்கள், பெயர் மட்டும் பத்தாகவே நின்றுவிட்டது.

பேரரசின் தொடக்கத்தில் கணக்கு இப்படி:

1. ஒரு தங்க ஔரியஸ் = 25 டெனாரியஸ்
2. ஒரு டெனாரியஸ் = 4 செஸ்டெர்ஷியஸ் (பித்தளைக் காசு)
3. ஒரு செஸ்டெர்ஷியஸ் = 4 அஸ்

எடை முதலில் 4.5 கிராம் அளவில் இருந்தது, சீக்கிரமே 3.9 கிராமுக்கு இறங்கி அங்கே நெடுங்காலம் நிலைத்தது. ரோமானியர்கள் கிராமில் பேசவில்லை, ஒரு பவுண்டு வெள்ளியில் இத்தனை காசு என்றுதான் கணக்கு. ஒரு பவுண்டுக்கு 84 காசு என்பது பேரரசர் நீரோ காலம் வரை விதி. இந்த 84 ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதை வைத்து என்ன வாங்கலாம்? பைபிள் கதையில் திராட்சைத் தோட்டக்காரர் நாளொன்றுக்கு ஒரு பணம் என்று கூலி பேசுகிறாரே, அந்தப் பணம் டெனாரியஸ்தான். முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் லெஜியன் என்ற பெரும் படைப்பிரிவின் சாதாரண வீரன் ஒருவனின் ஆண்டுச் சம்பளம் 225 டெனாரியஸ், பின்னால் வந்த பேரரசர் டொமிஷியன் அதை 300 ஆக்கினார். பேரரசில் எத்தனை வீரர்கள் இருந்தார்கள் என்று யோசித்தால் அக்கசாலை, அதாவது காசடிக்கும் இடம், எதற்காக இரவும் பகலும் சுத்தியல் அடித்தது என்பது புரிந்துவிடும்.

வெள்ளி எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி ஸ்பெயின் சுரங்கங்களிலிருந்து. இன்றைய கார்த்தஹேனா ஊரைச் சுற்றியிருந்த சுரங்கங்களில் மட்டும் 40,000 பேர் வேலை செய்ததாகவும், நாளொன்றுக்கு 25,000 டிராக்மா ரோமுக்குப் போனதாகவும் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் சொல்கிறார். அத்தனை பேரில் பெரும்பாலோர் அடிமைகளாகத்தான் இருந்திருக்க வேண்டும். காசின் அழகைப் பேசும்போது இதை யாரும் சொல்வதில்லை.

அடித்த விதம்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காசின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு அச்சு, இரண்டும் கையால் தலைகீழாகச் செதுக்கியவை. தலைப்பக்க அச்சு பட்டடையில் பதிந்திருக்கும், அதன்மேல் வெள்ளி வில்லையை வைத்து, மேலே பின்பக்க அச்சைப் பிடித்துக்கொள்ள, சம்மட்டியால் ஓர் அடி. அவ்வளவுதான். கை கொஞ்சம் நகர்ந்தால் பேரரசரின் மூக்கு காசுக்கு வெளியே போய்விடும். அச்சு தேய்ந்தால் புதிது செதுக்குவார்கள், அதனால் ஒரே பேரரசரின் ஒரே வகைக் காசில்கூட முகம் காசுக்குக் காசு கொஞ்சம் மாறும். இரண்டு காசு ஒரே அச்சில் வார்த்தது போல மயிரிழை மாறாமல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று காசு சேர்ப்பவர்கள் சொல்வது இதனால்தான்.

ரோமின் அக்கசாலை கேப்பிட்டல் குன்றில் ஜூனோ மொனேட்டா கோயிலை ஒட்டி இருந்தது. ஆங்கிலத்தில் 'மணி', 'மின்ட்' என்ற இரண்டு சொல்லும் அந்த மொனேட்டாவிலிருந்து வந்தவை. ஆனால் நம் ஊர்ப்பக்கம் அதிகம் கிடைக்கும் டெனாரியஸ்கள் ரோமில் அடித்தவை அல்ல. அகஸ்டஸ் காலத்திலேயே வெள்ளி, தங்கத்தை அடிக்கும் வேலையின் பெரும்பகுதி லுக்துனத்துக்கு, அதாவது இன்றைய பிரான்ஸின் லியோன் நகருக்கு, போய்விட்டது.

உயிரோடு இருப்பவர் முகத்தைப் போடலாமா?

இன்றைக்கு ஆட்சியாளர் முகம் பணத்தில் இருப்பது சாதாரணம். ரோமில் அது பெரிய அத்துமீறல். குடியரசுக் காலம் முழுக்க காசில் தெய்வங்கள் இருந்தன, அப்புறம் அக்கசாலையைக் கவனித்துக்கொண்ட இளம் அதிகாரிகள் தங்கள் குடும்பப் பெருமைகளை மெல்ல நுழைத்தார்கள்: என் முப்பாட்டன் இந்தப் போரில் வென்றவர், என் குலம் இந்தத் தெய்வத்தின் வழி வந்தது என்று. எல்லாம் செத்துப்போன முன்னோர்கள். உயிரோடிருப்பவர் தலையைப் போடுவது கிரேக்க ராஜாக்கள் செய்கிற வேலை, ராஜா என்ற சொல்லோ ரோமில் வசைச்சொல்.

கி.மு. 44 இன் முதல் மாதங்களில் ஜூலியஸ் சீசர் அந்தக் கோட்டைத் தாண்டினார். மாலை சூடிய அவர் தலை, சுருங்கிய கழுத்துச் சதை உட்பட, ரோம் நகரக் காசிலேயே வந்தது. ஒரு வகையில் மேலெழுத்து 'சீசர், நிரந்தர சர்வாதிகாரி' என்கிறது. மார்ச் 15 அன்று குத்திக் கொன்றுவிட்டார்கள். காசுக்காகக் கொன்றார்கள் என்று சொன்னால் மிகை, ஆனால் கொன்றவர்கள் எதைக் கண்டு பயந்தார்களோ அது அந்தக் காசில் எழுத்தோடு இருந்தது.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ், கி.மு. 54 வாக்கில் அக்கசாலை அதிகாரியாக இருந்தபோது சுதந்திர தேவியின் தலையையும், கடைசி அரசனை விரட்டியதாகச் சொல்லப்படும் தன் முன்னோர் புரூட்டஸையும் காசில் போட்டவர். கி.மு. 42 இல், படைக்குச் சம்பளம் கொடுக்க அவர் அடித்த புகழ்பெற்ற டெனாரியஸின் பின்பக்கம் இரண்டு குத்துவாள், நடுவில் விடுதலையான அடிமைகள் அணியும் தொப்பி, கீழே 'ஈட் மார்', அதாவது மார்ச் நடுநாள். 'நாங்கள்தான் கொன்றோம், நாட்டை விடுவித்தோம்' என்று வெள்ளியில் எழுதிய வாக்குமூலம். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் கழித்து எழுதிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோகூட இந்தக் காசைத் தனியாகக் குறிப்பிடுகிறார். சரி, முன்பக்கம் யார் தலை? புரூட்டஸின் தலை! உயிரோடு இருக்கும் மனிதன் தன் முகத்தைக் காசில் போடுவதை எதிர்த்தவர், இரண்டே ஆண்டில் அதே வேலையைச் செய்கிறார். அதற்குப் பிறகு இந்த வாதம் முடிந்துபோனது.

சீசரின் தளபதியாக இருந்த மார்க் ஆண்டனியின் காசு இன்னொரு பாடம். கி.மு. 32-31 இல், ஆக்டேவியனோடு மோதிய ஆக்டியம் போருக்கு முன், தன் படைக்கென்று ஒரு பக்கம் கப்பலும் மறுபக்கம் லெஜியனின் கழுகுச் சின்னமும், எந்த லெஜியன் என்ற எண்ணும் போட்டு ஏராளமாக அடித்தார். வீரனுக்குத் தன் படைப்பிரிவின் பெயரே சம்பளத்தில் வருகிறது, மனதைத் தொடும் உத்திதான். ஆனால் வெள்ளியில் செம்பு கூடுதல். போரில் ஆண்டனி தோற்றார், செத்தார், அவர் காசு மட்டும் சாகவில்லை. மாற்றுக் குறைவான, அதாவது வெள்ளியின் தூய்மை குறைந்த, காசை யாரும் பெட்டியில் பூட்டி வைக்க மாட்டார்கள், செலவழித்துத் தள்ளிவிடத்தான் பார்ப்பார்கள். அதனால் இருநூறு ஆண்டுக்கு மேல் அது கைமாறிக்கொண்டே இருந்தது.

அகஸ்டஸ் என்ன செய்தார்

ஆண்டனியை வென்ற ஆக்டேவியன் தான் அகஸ்டஸ் ஆனார். சீசருக்கு நேர்ந்தது அவருக்கு மறக்கவில்லை. அவரும் தன் முகத்தைப் போட்டார், ஆனால் ராஜா என்று சொல்லாமல் சொல்லும் வழியைக் கண்டுபிடித்தார். சில காசுகளை மட்டும் பார்ப்போம்.

எகிப்தைப் பிடித்ததற்கு ஒரு முதலை, மேலே 'எகிப்து கைப்பற்றப்பட்டது' என்று இரண்டே சொல். படிக்கத் தெரியாதவனுக்கும் முதலை புரியும்.

கி.மு. 53 இல் கிழக்கே பாரசீகத்தை ஆண்ட பார்த்தியர்களிடம் ரோம் படுதோல்வி அடைந்து பறிகொடுத்த படைச்சின்னங்களை, கி.மு. 20 இல் அகஸ்டஸ் பேச்சுவார்த்தையில் திரும்பப் பெற்றார். போரே நடக்கவில்லை. காசில் பார்த்தால் ஒரு பார்த்தியன் மண்டியிட்டுச் சின்னத்தை நீட்டிக்கொண்டிருக்கிறான். ராஜதந்திரத்தை யுத்த வெற்றியாக மாற்றிக் காட்டியது அந்த மண்டியிட்ட உருவம்.

சீசர் இறந்த ஆண்டு வானில் ஒரு வால்நட்சத்திரம் தெரிந்தது, அது தெய்வமாகிப்போன சீசரின் ஆன்மா என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். அகஸ்டஸின் காசில் எட்டுக் கதிர் கொண்ட அந்த நட்சத்திரமும் 'தெய்வ ஜூலியஸ்' என்ற எழுத்தும் வந்தன. சீசர் தெய்வம் என்றால் அவர் தத்துப்பிள்ளையான அகஸ்டஸ் யார்? தெய்வத்தின் மகன். மேலெழுத்தில் 'திவி எஃப்' என்று இரண்டு சுருக்கச் சொல்லில் அது ஆயுள் முழுக்க ஒட்டிக்கொண்டது.

நான்காவது, நமக்கு ரொம்ப வேண்டியது. கி.மு. 2 முதல் லுக்துனத்தில் அடித்த வகை: முன்னே அகஸ்டஸ் தலை, பின்னே இரண்டு இளைஞர்கள் நிற்கிறார்கள், நடுவில் கேடயங்களும் ஈட்டிகளும், மேலே பூசாரிகளின் கரண்டியும் கோலும். அவர் பேரன்கள் காயஸும் லூசியஸும், தத்தெடுத்த வாரிசுகள். 'எனக்குப் பின் இவர்கள்' என்று பேரரசு முழுக்க அறிவித்த காசு. லூசியஸ் கி.பி. 2 இலும் காயஸ் கி.பி. 4 இலும் இறந்துபோனார்கள். இல்லாத வாரிசுகளைச் சுமந்துகொண்டு அந்தக் காசுகள் கப்பலேறிக் கீழைக் கடல் தாண்டி வந்தன, இந்தியாவில் கிடைக்கும் அகஸ்டஸ் டெனாரியஸ்களில் மிகப் பெரும்பாலானவை இவைதான்.

மேலெழுத்தைப் பிரித்துப் படிப்போம்

எழுத்துகளைக் கண்டு பயப்பட வேண்டாம். முதல் விஷயம், லத்தீனில் 'உ' ஒலிக்கும் 'வ' ஒலிக்கும் ஒரே கூர்முனை எழுத்துதான், அதனால்தான் அகஸ்டஸின் பெயர் இன்று ஆங்கிலம் படித்த கண்ணுக்கு விநோதமாகத் தெரிகிறது. இரண்டாவது, சொற்களுக்கு நடுவே பெரும்பாலும் இடைவெளி விடமாட்டார்கள், நம் பழைய கல்வெட்டு போலவே. மூன்றாவது, எல்லாம் சுருக்கம். பேரரசர் டிராஜனின் ஒரு டெனாரியஸை எடுத்துக்கொள்ளலாம். அதில் வருவது வரிசையாக:

1. இம்ப்: இம்பெராட்டர், வெற்றி பெற்ற படைத்தலைவர். எம்பரர் என்ற சொல் இதிலிருந்து வந்தது.
2. டிரயானோ: பெயர். 'டிராஜனுக்கு' என்று நான்காம் வேற்றுமை உருபோடு நிற்கிறது.
3. அவுக்: அகஸ்டஸ். முதலில் ஆள்பெயர், பிறகு பட்டம்.
4. ஜெர் டாக்: ஜெர்மானியரை வென்றவர், டாசியரை வென்றவர். கடாரம் கொண்டான் என்பது போல.
5. பி எம்: பொந்திஃபெக்ஸ் மாக்சிமஸ், தலைமைப் பூசாரி.
6. டிஆர் பி: மக்கள் காவலர் அதிகாரம். ஆண்டுதோறும் புதுப்பிப்பதால், பல பேரரசர்களின் காசில் இதற்குப் பின்னால் வரும் எண்ணை வைத்து எந்த ஆண்டில் அடித்தது என்றே சொல்லிவிடலாம்.
7. காஸ் 5: ஐந்தாம் முறை கான்சல், ரோமின் மிக உயர்ந்த ஆண்டுப் பதவி. டிராஜனுக்கு இது கி.பி. 103 முதல் 111 வரை பொருந்தும்.
8. பி பி: நாட்டின் தந்தை.

பின்பக்கம் 'ரோமின் மேலவையும் மக்களும் மிகச் சிறந்த தலைவருக்கு' என்ற வாசகம். முன்பக்கத்து 'டிராஜனுக்கு' இங்கே வந்துதான் முற்றுப்பெறுகிறது, அதாவது காசே மக்கள் அவருக்குக் கொடுத்த பரிசு மாதிரி. அடித்தது அவருடைய அக்கசாலை என்பதை மறந்துவிட வேண்டும். நம்ம ஊர்ச் சுவரொட்டியில் 'இவண்: தொகுதி மக்கள்' என்று இருப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பின்பக்கத்துப் பெண்கள்

பெரும்பாலானவர்கள் ராணிகள் அல்ல, பெண்ணுருவம் கொடுக்கப்பட்ட குணங்கள். கையில் இருப்பதை வைத்து அடையாளம் காணலாம். தராசும் வளக்கொம்பும் என்றால் நேர்மை அல்லது அக்கசாலையின் தேவி மொனேட்டா. ஆலிவ் கிளை என்றால் பாக்ஸ், அமைதி. சிறகும் மாலையும் விக்டோரியா. பாம்புக்குத் தீனி கொடுத்தால் சலூஸ், உடல்நலம். சுக்கான் பிடித்தவள் ஃபொர்ச்சூனா. தானியக்கதிரும் மரக்கால் போன்ற ஓர் அளவைப் பாத்திரமும் இருந்தால் அன்னோனா, ரோம் நகரத்துக்குக் கப்பலில் வரும் தானியம். இரண்டு கையிலும் படைக்கொடி வைத்திருந்தால் ஃபிடெஸ், படையின் விசுவாசம்.

திபேரியஸின் புகழ்பெற்ற டெனாரியஸில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கையில் செங்கோலும் கிளையும் இருக்கின்றன, எழுத்தில் 'தலைமைப் பூசாரி' என்று பேரரசரின் பட்டம் மட்டும்தான். அமைதி தேவி என்று சிலர், பேரரசரின் தாய் லிவியா என்று சிலர். இரண்டாகவும் இருக்கட்டும் என்றுதான் பெயர் எழுதாமல் விட்டிருப்பார்கள் என்று தோன்றுகிறது. ஏசுநாதரிடம் காட்டிய காசு இதுதான் என்று சொல்வதற்குக் காரணம், அப்போது ஆட்சியில் இருந்தவர் திபேரியஸ் (கி.பி. 14-37) என்பதும், அவர் டெனாரியஸில் இந்த வகையே மிக அதிகம் என்பதும்தான். வசனத்தில் எந்தப் பேரரசர் என்று இல்லை, 'இராயன்', அதாவது சீசர், என்று மட்டும் இருக்கிறது.

இந்தக் குணங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்கப் பழக வேண்டும். எது இல்லையோ அதைத்தான் உரக்கச் சொல்வார்கள். கி.பி. 69 இல் ஓத்தோ என்பவர் முந்தைய பேரரசரைக் கொல்லவைத்துப் பதவிக்கு வந்தார், ஜனவரி நடுவில் தொடங்கி ஏப்ரல் நடுவில் தோற்றுத் தற்கொலை செய்துகொண்டார். மூன்றே மாதம், முழுக்க உள்நாட்டுப் போர். அவர் டெனாரியஸில் என்ன எழுதியிருக்கிறது? 'உலகம் முழுவதற்கும் அமைதி'. இன்னொன்றில் 'ரோமானிய மக்களின் பாதுகாப்பு'. மூன்றாம் நூற்றாண்டில் படையே பேரரசர்களை வெட்டிப்போட்டுக்கொண்டிருந்த காலத்தில் 'படையின் விசுவாசம்', 'படையின் ஒற்றுமை' என்ற காசுகள் குவிகின்றன.

விதிவிலக்கும் உண்டு. கி.பி. 41 இல் காவல்படை வீரர்கள் தூக்கி உட்காரவைத்துப் பேரரசர் ஆனவர் கிளாடியஸ். அவர் காசில் அந்தக் காவல்படையின் கோட்டை மதிலே இருக்கிறது, 'பேரரசர் ஏற்கப்பட்டார்' என்ற எழுத்தோடு. யார் தயவில் வந்தேன் என்பதை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர் வேறு யாருமில்லை. இன்னொரு பக்கம் கொமோடஸ், கி.பி. 192 இல் சிங்கத்தோலைத் தலையில் போர்த்திக்கொண்டு ஹெர்குலஸாகவே காசில் வந்தார், அந்த ஆண்டின் கடைசி நாளில் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள்.

யாராவது பார்த்தார்களா?

நியாயமான கேள்வி. ரூபாய் நோட்டின் பின்னால் என்ன படம் என்று பத்துப் பேரைக் கேட்டால் எத்தனை பேர் சரியாகச் சொல்வார்கள்? படங்களைத் தேர்ந்தெடுத்தது பேரரசரா, அதிகாரிகளா, யாரை உத்தேசித்து என்பதில் ஆய்வாளர்களிடையே வழக்கு ஓயவில்லை. பின்பக்கத்தைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது. முகத்தைக் கவனித்தார்கள், அதற்குச் சாட்சி உண்டு. தத்துவவாதி எபிக்டெட்டஸ் மனிதரின் குணத்தைப் பற்றிப் பேசும்போது ஓர் உவமை சொல்கிறார்: இந்தக் காசில் யார் முத்திரை, டிராஜனா, கொடு, நீரோவா, தூக்கி எறி. அவர் சொன்னது செஸ்டெர்ஷியஸைப் பற்றி, சொன்னதும் நீதி போதனைக்காக. ஆனாலும் கேட்பவர்களுக்குக் காசைப் புரட்டி முகம் பார்க்கும் பழக்கம் இல்லாவிட்டால் அந்த உவமை எடுபட்டிருக்காது.

வெள்ளி குறைந்த கதை

முகத்தை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், வெள்ளி இருந்தால்தான் காசு. நடந்தது படிப்படியாக:

1. கி.பி. 64, நீரோ. ரோம் நகரம் எரிந்த ஆண்டு. ஒரு பவுண்டுக்கு 84 என்றிருந்ததை 96 ஆக்கினார், எடை 3.4 கிராம் அளவுக்கு வந்தது. மாற்றும் குறைந்தது. பழைய புத்தகங்களில் வெள்ளி 93 சதவீதம் என்று இருக்கும், மேற்பரப்பைத் தாண்டி உள்ளே சோதித்த அண்மை ஆய்வுகள் 80 சதவீதம் என்கின்றன. அடித்த பிறகு மேலே மட்டும் வெள்ளி செறிந்திருக்கும்படி பக்குவப்படுத்தியிருந்ததால்தான் இத்தனை காலம் ஏமாந்தோம்.

2. டொமிஷியன் கி.பி. 82 இல் திரும்பவும் நல்ல வெள்ளிக்குப் போனார், மூன்றே ஆண்டில் பின்வாங்கினார். டிராஜன் தேய்ந்த பழைய காசுகளை உருக்கினார் என்று டியோ எழுதுகிறார். பழையவற்றில் வெள்ளி அதிகம் என்பதை நினைவில் வைத்தால் அது வெறும் துப்புரவுப் பணி அல்ல என்பது புரியும்.

3. செப்டிமியஸ் செவெரஸ் காலத்தில், கி.பி. 190 களின் நடுவில், ஏறக்குறைய பாதி செம்பு. வீரர்களின் சம்பளத்தை அவர் கூட்டினார். இறக்கும்போது பிள்ளைகளிடம் 'ஒற்றுமையாக இருங்கள், வீரர்களைச் செல்வராக்குங்கள், மற்ற யாரையும் பொருட்படுத்தாதீர்கள்' என்றாராம். மூத்த பிள்ளை காரகல்லா முதல் அறிவுரையை மீறித் தம்பியைக் கொன்றார், இரண்டாவதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார்.

4. கி.பி. 215 இல் அந்தக் காரகல்லா ஒரு புதுக் காசைக் கொண்டுவந்தார், இன்று அன்டோனினியானஸ் என்கிறோம். பேரரசர் தலையில் மாலைக்குப் பதில் சூரியக் கதிர்க்கிரீடம், ராணிகளுக்குத் தோளின் கீழ் பிறைநிலா. இரண்டு டெனாரியஸ் மதிப்பு என்பதுதான் பொதுவான கருத்து, ஆனால் உள்ளே ஒன்றரைக்கான வெள்ளிதான். அதாவது தலையில் வைத்த கதிருக்கு அரை டெனாரியஸ் விலை. இந்தக் கதையில் ஒரு சின்னம் நேரடியாகப் பணமாக மாறிய இடம் இதுதான்.

5. அதன் பிறகு சரிவு. கி.பி. 240 வாக்கில் டெனாரியஸ் அடிப்பது கிட்டத்தட்ட நின்றது. கி.பி. 268-270 இல் ஆண்ட இரண்டாம் கிளாடியஸின் கதிர்க்கிரீடக் காசில் வெள்ளி 2, 3 சதவீதம். செம்புக்கு வெள்ளிப்பூச்சு, கையில் நாலு நாள் புழங்கினால் சாயம் வெளுத்துவிடும்.

கி.பி. 294 வாக்கில் டயோக்ளீஷியன் மறுபடி நல்ல வெள்ளியில் அர்ஜென்டியஸ் என்ற காசை அடித்தார். ஒரு பவுண்டுக்கு 96, நீரோவின் பழைய கணக்கு. சிலவற்றில் அந்த 96 ஐயே பொறித்துவைத்தார்கள். நம்பிக்கை போன பிறகு, பெண்ணுருவங்கள் போதாமல், எடையையே மேலெழுத்தாக எழுத வேண்டிவந்தது.

கடல் தாண்டிய காசு

முசிறிக்கு யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு 149 ஆம் பாட்டு சொல்கிறது. இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டெர்ஷியஸை உறிஞ்சுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பினார். அவர் ஒழுக்கம் போதிக்கிற மனநிலையில் எழுதியவர் என்பதால் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, பணம் கிழக்கே போனது மட்டும் உண்மை. கோவைக்கு அருகே வெள்ளலூரிலும் உடுமலைப்பேட்டைப் பக்கம் பூதிநத்தத்திலும் கிடைத்த குவியல்கள் பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் டெனாரியஸ்கள். பாலக்காட்டுக் கணவாய் வழி வந்த வணிகத்தின் தடம் அது.

இங்கே காசைப் பார்த்தவர்களுக்கு மேலெழுத்து படிக்கத் தெரிந்திருக்காது. காயஸும் லூசியஸும் யார் என்று யாருக்குக் கவலை? ஆனால் அந்த இரண்டு பேர் நிற்கும் படமும், நாற்காலிப் பெண் படமும் இருந்தால் வெள்ளி நல்லது என்று தெரிந்திருக்கும். அந்த இரண்டு வகையையும் பார்த்து இங்கேயே செய்த நகல்கள்கூடக் கிடைத்திருக்கின்றன. எழுத்து வெறும் கோடும் கிறுக்கலுமாக இருக்கும், படம் மட்டும் சரியாக இருக்கும்.

இலங்கையைப் பற்றிப் பிளினி ஒரு கதை சொல்கிறார். காற்றில் அடித்துக்கொண்டு போய் அந்தத் தீவில் ஒதுங்கிய ஒரு ரோமானியனிடம் இருந்த டெனாரியஸ்களை அரசன் பார்த்தானாம். வெவ்வேறு முகங்கள், வெவ்வேறு ஆட்கள் அடித்தவை, ஆனால் எடை எல்லாம் ஒன்று. அதைப் பார்த்து ரோமானியரின் நேர்மையை வியந்தானாம். கதை எவ்வளவு உண்மையோ தெரியாது, தமிழில் படிக்கும்போது மட்டும் கூடுதலாக ஒன்று கிடைக்கிறது: காசுக்கும் நேர்மைக்கும் நமக்கு ஒரே சொல், நாணயம். பிளினி இதை எழுதி வெளியிட்டது நீரோ எடையைக் குறைத்துப் பத்தாண்டுக்கு மேல் ஆன பிறகு.

இதனால் செய்தியைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு:

1. திபேரியஸ் காசு இருந்தால் அது திபேரியஸ் காலத்துக்கு முந்திப் புதைத்தது அல்ல என்று மட்டும்தான் உறுதி. நீரோவின் குறைப்புக்குப் பிறகு வந்த டெனாரியஸ்கள் இந்தியாவில் மிகக் குறைவு, பழைய கனமான காசையே வணிகர்கள் தேடிக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது ஒரு வலுவான விளக்கம். ஜெர்மானியர்களும் பழைய காசையே விரும்பினார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். அப்படியானால் குவியல் புதைந்தது காசில் இருக்கும் பேரரசர் செத்துப் பல பத்தாண்டுகள் கழித்தும் இருக்கலாம்.

2. பேரரசர் முகம் இருப்பதால் இங்கே ரோமின் அதிகாரம் இருந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1898 இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 தங்க ஔரியஸ்கள் கிடைத்தன. வெள்ளியல்ல, தங்கம். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருந்தார்கள். உள்ளே வேறு உலோகம் இருக்கிறதா என்று பார்க்கவா, இது இனிக் காசல்ல வெறும் பொன் என்று அறிவிக்கவா, கருத்துகள் பல உண்டு. எப்படியானாலும் வெட்டியவனுக்கு அந்த முகத்தின் மேல் பயம் இல்லை.

ஆனால் முகம் யாரையுமே தொடவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் சேரர் வெள்ளிக்காசுகள் கிடைத்திருக்கின்றன. அதற்கு முன் இங்கே புழங்கிய முத்திரைக் காசுகளில் சூரியன், யானை, மரம் என்று சின்னங்கள்தான். இந்தச் சேரர் காசில் பக்கவாட்டில் திரும்பிய ஒரு மனிதத் தலை, மேலே தமிழ் பிராமியில் 'மாக்கோதை' என்ற பெயர். ரோமானியக் காசைப் பார்த்துத்தான் இப்படிச் செய்தார்கள் என்று நாணயவியலார் பலர் கருதுகிறார்கள். இதற்கு மட்டும் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது என்று கேட்டால் தமிழிலேயே பதில் இருக்கிறது.